லண்டன் சைனாடவுன் எக்சிமா கஷாயம்: ஒரு நிகழ்வு ஆய்வு

தோல் அழற்சிக்கு மூலிகை சாப்பிடலாமா என்று கேட்டால் நம்மவர்களிடம் இரண்டு பதில்தான் கிடைக்கும். மூலிகைதானே, கெடுதல் ஒன்றும் செய்யாது என்பார் ஒருவர். அதெல்லாம் வெறும் நம்பிக்கை, எவனும் சோதித்துப் பார்த்ததில்லை என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு என்று காட்டும் நிகழ்வு ஒன்று இருக்கிறது. 1980களின் கடைசியில் லண்டனில் தொடங்கி, பத்து வருஷத்துக்கும் மேலாக மருத்துவ இதழ்களில் ஓடிய விஷயம் அது. கஷாயம் குடித்துத் தோல் தெளிந்த குழந்தைகள் அதில் உண்டு. அதே வகைக் கஷாயத்தால் கல்லீரல் வீங்கிப் படுத்தவர்களும், சிறுநீரகத்தையே இழந்தவர்களும் உண்டு.

இதை விரிவாக எழுதக் காரணம், மூலிகையைப் பற்றிய நம் சண்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் தவறிப்போகின்றன. ஆய்வில் சோதிக்கப்பட்ட பொருள் ஒன்று, கடையில் வாங்கிக் குடிக்கும் பொருள் வேறொன்று. முன்னதற்குக் கிடைத்த நல்ல பெயர் பின்னதற்குப் போய்ச் சேருகிறது. லண்டனில் நடந்ததும் இதுதான்.

நோய்

அடோபிக் எக்சிமா பெரும்பாலும் சின்னக் குழந்தைகளிடம் ஆரம்பிக்கும் தோல் அழற்சி. நம் ஊரில் கரப்பான் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, கைக்குழந்தை என்றால் கன்னம் என்று சிவந்து, வறண்டு, வெடிக்கும். அரிப்பு ராத்திரியில்தான் உச்சத்துக்குப் போகும். குழந்தை தூங்காது, அதனால் அம்மா அப்பாவும் தூங்க மாட்டார்கள். காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். சொறிந்து சொறிந்து தோல் தடித்துக் கறுத்துப் போகும், சில சமயம் சீழ் பிடிக்கும்.

அந்தக் காலத்தில் டாக்டர்களிடம் இருந்தது ஈரப்பசைக் களிம்பு, ஸ்டீராய்டு களிம்பு, அரிப்புக்கான மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கும் மருந்துகள். அளவோடும் முறையோடும் பூசினால் ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்துதான். ஆனால் அதைப் பற்றிய பயம் பெற்றோரிடம் பெரிதாக இருந்தது, இன்றும் இருக்கிறது. தோல் மெலிந்துவிடும், வளர்ச்சி நின்றுவிடும் என்று பயந்து, டாக்டர் சொன்னதில் பாதியைப் பூசுவார்கள். நோய் அடங்காது. பிறகு வேறு வழி தேடிக் கிளம்புவார்கள்.

சைனாடவுன்

அப்படிக் கிளம்பியவர்களில் சிலர் லண்டன் சைனாடவுனில் டிங் ஹுய் லுவோ என்ற சீன மருத்துவரிடம் போனார்கள். ஒவ்வொரு நோயாளியையும் பார்த்து, அவருக்கென்று மூலிகைகளைச் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார் அந்த அம்மையார். வீட்டில் கொதிக்கவைத்து வடிகட்டி, தினமும் குடிக்க வேண்டும்.

கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் தோல் நிபுணர் டேவிட் ஆதர்டன் தன்னிடம் வந்துகொண்டிருந்த சில குழந்தைகளிடம் மாற்றத்தைக் கவனித்தார். வருஷக்கணக்காக எதற்கும் அடங்காத எக்சிமா தெளிந்திருந்தது. விசாரித்தால் சைனாடவுன் கஷாயம். 1990இல் லான்செட் இதழில் இதுபற்றி டாக்டர்களின் கடிதங்கள் வரத் தொடங்கின.

ஆதர்டனின் குழு இதை நடத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய மருத்துவமனையின் நிபுணர் ஒருவர், குறுகலான தெருவில் இருக்கும் மூலிகைக் கடையின் மருந்தைக் கேலி செய்துவிட்டுப் போயிருக்கலாம். அல்லது கண்ணால் கண்டதை நம்பி எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல், அந்த மருத்துவரின் உதவியோடே அதைச் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள்.

சோதனையை அமைத்த விதம்

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சீன மருத்துவத்தில் ஆளுக்கு ஒரு சேர்மானம், அதுவும் வாரத்துக்கு வாரம் மாறும். மருந்துச் சோதனையிலோ எல்லாருக்கும் ஒரே மருந்து தர வேண்டும். சித்த மருத்துவத்தைச் சோதிக்கப் போகிறவர்களுக்கும் வரும் சிக்கல்தான் இது. இவர்கள் எடுத்த முடிவு இப்படி: எக்சிமாவில் ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். உடம்பில் பரவலாக இருக்க வேண்டும், நீர் வடியாத உலர்ந்த வகையாக இருக்க வேண்டும். அந்த வகைக்குப் பொதுவாகக் கொடுக்கும் மூலிகைகளை வைத்து ஒரே சேர்மானம் செய்வோம்.

அப்படி வந்ததுதான் பத்து மூலிகைப் பொட்டலம். பின்னால் ஃபைட்டோஃபார்ம் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அதற்கு ஜெமாஃபைட் என்று பெயர் வைத்தது. பத்தில் இரண்டு நமக்கு நன்றாகத் தெரிந்தவை. ஒன்று அதிமதுரம். இன்னொன்று நெருஞ்சில், ரோட்டோரத்தில் செருப்பைத் துளைத்துக் காலில் குத்தும் அதே நெருஞ்சில். நம் வைத்தியத்தில் அது நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் போகிறது, சீனர்கள் அதை அரிப்புக்குக் கொடுக்கிறார்கள். மற்றவை நம் பக்கம் புழங்காதவை: ரெமானியா வேர், பியோனி வேர், டிக்டாம்னஸ் வேர்ப்பட்டை, பொட்டென்டில்லா, லோஃபாதெரம், ஸ்கிசோனெபெட்டா, லெடெபூரியெல்லா வேர், க்ளெமாடிஸ் தண்டு. இந்தப் பட்டியலில் டிக்டாம்னஸையும் க்ளெமாடிஸையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலத்துக்குள் மூலிகைத் தூள் டீ பை மாதிரியான பைகளில் இருந்தது. கொதிக்கவைத்துக் கிடைக்கும் கஷாயம் கடும் கசப்பு. அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்தில்லாத போலி மருந்தும் சும்மா வெந்நீராக இருக்க முடியாது. எக்சிமாவுக்குப் பயன்படாதவை என்று கருதப்பட்ட செடிகளைச் சேர்த்து, கிட்டத்தட்ட அதே வாசனையும் ருசியும் வரும்படி இன்னொரு பொட்டலம் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் 8 வாரம் ஒன்று, இடையில் 4 வாரம் ஓய்வு, பிறகு 8 வாரம் இன்னொன்று. எது எப்போது என்று குடிப்பவருக்கும் தெரியாது, தோலைப் பார்த்து மதிப்பெண் போடுபவருக்கும் தெரியாது. உடம்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சிவப்புக்குத் தனி மதிப்பெண், தோலின் மேற்பரப்பில் உள்ள சேதத்துக்குத் தனி மதிப்பெண் என்று கணக்கு வைத்தார்கள்.

என்ன கிடைத்தது

குழந்தைகளிடம் நடத்திய சோதனை 1992இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்தது. 47 குழந்தைகள் சேர்ந்தார்கள், 37 பேர் முடித்தார்கள். உண்மையான கஷாயம் குடித்த காலத்தில் சிவப்புக்கான மதிப்பெண் நடுமதிப்பில் 51 சதவீதம் குறைந்தது, போலிக் கஷாயத்தில் 6.1 சதவீதம்தான். மேற்பரப்புச் சேதம் 63.1 சதவீதம் குறைந்தது, போலியில் 6.2. தோல் நோய் சோதனைகளில் போலி மருந்துக்கே 20, 30 சதவீதம் முன்னேற்றம் தெரிவது சகஜம். அந்த அனுபவத்தோடு பார்த்தால் இந்த இடைவெளி அசாதாரணமானது.

அதே வருஷம் பெரியவர்களிடம் நடந்த சோதனை லான்செட்டில் வந்தது. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் மால்கம் ரஸ்டினும் அதில் சேர்ந்திருந்தார். 40 பேர் சேர்ந்து 31 பேர் முடித்தார்கள். அங்கேயும் கஷாயம்தான் தெளிவாக ஜெயித்தது. அரிப்பு குறைந்தது, தூக்கம் வந்தது என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ கெடுதல் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலாவது, குழந்தைகளில் 10 பேரும் பெரியவர்களில் 9 பேரும் பாதியிலேயே விலகினார்கள். கணக்கில் வந்தது முடித்தவர்களின் முன்னேற்றம்தான். இரண்டாவது, ருசியை எவ்வளவு பொருத்தினாலும், ஏற்கெனவே கஷாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள் எது உண்மை என்று யூகித்திருக்கலாம். மூன்றாவதுதான் முக்கியம். 37 பேரில் ஒருவருக்கும் கெடுதல் வரவில்லை என்றால் கெடுதலே இல்லை என்று அர்த்தமாகாது. புள்ளியியலில் எளிய கணக்கு ஒன்று உண்டு: 3ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 3ஐ 37ஆல் வகுத்தால் சுமார் 8 சதவீதம். அதாவது, நூற்றில் 8 பேர் வரை பாதிக்கக்கூடிய ஒரு பக்கவிளைவைக்கூட இந்தச் சோதனை காணாமல் விட்டிருக்கலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் கல்லீரல் அழற்சி இவ்வளவு சின்னச் சோதனையில் கண்ணில் படுவது அபூர்வம். "ஆய்வில் பாதுகாப்பானது என்று தெரிந்தது" என்று எங்கே படித்தாலும், எத்தனை பேரிடம், எத்தனை வாரம் என்று கேளுங்கள்.

அந்தக் குழந்தைகளை மேலும் ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 37 பேரில் 18 பேருக்கு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. 5 பேருக்கு ஓரளவு. 14 பேர் விலகிவிட்டார்கள், பலன் இல்லை என்றோ குடிக்க முடியவில்லை என்றோ. 2 குழந்தைகளுக்குக் கல்லீரல் நொதி ரத்தத்தில் ஏறியது, கல்லீரல் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது. குழந்தைகளுக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை, கஷாயத்தை நிறுத்தியதும் அளவு இறங்கிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்ததால்தான் அது தெரியவந்தது.

ஹாங்காங்கில்

1999இல் ஹாங்காங் குழு ஒன்று ஜெமாஃபைட்டையே எடுத்து, சீன நோயாளிகளிடம் சோதித்தது. மற்ற வைத்தியத்துக்கு அடங்காத எக்சிமா உள்ள 40 பேர், முடித்தவர்கள் 37 பேர். இந்த முறை உண்மைக்கும் போலிக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 4ஆவது வாரத்தில் தோல் தடிப்பில் மட்டும் ஒரு சின்ன வேறுபாடு.

ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. அங்கே வந்தவர்கள் ஏற்கெனவே சீன மூலிகைகளைப் பார்த்துச் சலித்தவர்களாக இருக்கலாம், அவர்களுடைய எக்சிமாவின் வகை வேறாக இருக்கலாம். என் கணிப்பைச் சொல்கிறேன். லண்டனில் கண்ட பலன் முழுக்கக் கற்பனை என்று தோன்றவில்லை, இடைவெளி அவ்வளவு பெரியது. அதே சமயம் சின்னச் சோதனைகளில் முதலில் தெரியும் பலன் பெரும்பாலும் ஊதித்தான் இருக்கும், இரண்டாம் முறை, மூன்றாம் முறை வேறு ஆட்கள் செய்யும்போது சுருங்கும். ரசாயன மருந்துகளுக்கும் இதே கதிதான்.

உள்ளே என்ன நடந்திருக்கும்

ஆய்வகத்தில் பார்த்தபோது, இன்டர்லூக்கின் 4 என்ற சமிக்ஞைப் பொருள் ரத்த அணுக்களில் தூண்டும் மாற்றத்தை இந்தச் சேர்மானம் குறைப்பதாகத் தெரிந்தது. அது சாதாரண விஷயம் இல்லை. எக்சிமாவில் நோய் எதிர்ப்பு அமைப்பு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ, அந்தச் சாய்வுக்கு நடுவில் இருப்பது இன்டர்லூக்கின் 4. 2017இல் அமெரிக்காவில் எக்சிமாவுக்கு அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி அடைப்பது இதற்கும் இன்டர்லூக்கின் 13க்கும் பொதுவான வாசலைத்தான். கஷாயத்திலிருந்து அந்த ஊசி வந்தது என்று சொல்லவில்லை, அது தனிப் பாதையில் வந்தது. ஆனால் 1990களில் கஷாயத்தை ஆராய்ந்தவர்கள் சரியான கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதிமதுரத்துக்கும் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. நம் உடம்பே சுரக்கும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அதிமதுரத்தின் சத்து தடுக்கிறது. ஹைட்ரோகார்டிசோன் களிம்பின் வேகத்தை அது தோலில் கூட்டும் என்று 1990இலேயே காட்டியிருக்கிறார்கள். அதே வேலையைச் சிறுநீரகத்தில் செய்யும்போது ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இருமலுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதால் இது நடக்காது. மாதக்கணக்கில் கஷாயமாக, அதிக அளவில் குடித்தால் நடக்கும். அழற்சியை அடக்கும் அளவுக்கு வலு இருக்கிற சத்து, தோலோடு நின்றுகொள்ளாது.

கல்லீரல்

சோதனை முடிவுகள் வந்ததும் பத்திரிகைகளில் பேச்சு கிளம்பியது. எக்சிமா உள்ளவர்கள் சீன மூலிகைக் கடைகளைத் தேடிப் போனார்கள். போனவர்களுக்குக் கிடைத்தது சோதித்த பொட்டலம் இல்லை, அந்தந்தக் கடையின் சேர்மானம். ரத்தப் பரிசோதனையும் கிடையாது.

1990களின் தொடக்கத்திலேயே கல்லீரல் பாதிப்பு பற்றிய செய்திகள் வரத் தொடங்கியிருந்தன. 1995இல் கட் என்ற வயிற்று நோய் இதழில் இரண்டு பேரைப் பற்றிய குறிப்பு வந்தது. தோல் நோய்க்குச் சீன மூலிகை குடித்து, கடுமையான கல்லீரல் அழற்சி வந்தவர்கள். இருவரும் முழுதாகத் தேறினார்கள். ஆனால் அவர்கள் குடித்தவற்றில் இருந்த இரண்டு செடிகள், அதற்கு முன் கல்லீரல் அழுகி இறந்துபோன ஒரு நோயாளியின் கஷாயத்திலும் இருந்தன. சந்தேகம் பெரும்பாலும் டிக்டாம்னஸ் வேர்ப்பட்டை மேல்தான் விழுந்தது. லண்டனின் நச்சு ஆலோசனைப் பிரிவு 1991 முதல் 1995 வரை பாரம்பரிய மருந்துகள் பற்றி வந்த அழைப்புகளைத் தொகுத்தபோது, தோல் நோய்க்குச் சீன மூலிகை எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களாக 21 பேர் தேறினார்கள். நம் பக்கத்து மருந்துகளும் அந்தத் தொகுப்பில் தப்பவில்லை. இந்தியத் துணைக்கண்டத்து மருந்துகளால் உலோக நச்சு ஏறியவர்களும் இருந்தார்கள்.

இப்படி வருவது குடித்த அளவைப் பொறுத்ததும் இல்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, யாரோ ஒருவருக்கு மட்டும் உடம்பு ஒவ்வாமல் கல்லீரல் வீங்கும். யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பசி போவது, சோர்வு, ஓங்கரிப்பு, மூத்திரம் டீ நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது என்று வரிசையாக வரும். முதல் இரண்டிலேயே நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடலாம். ஆனால் "மருந்து வேலை செய்யும்போது உடம்பு அப்படித்தான் இருக்கும், கழிவு வெளியே போகிறது" என்று யாராவது சொல்லி, ஆளும் அதை நம்பித் தொடர்ந்து குடித்தால்தான் ஆபத்து. என்னைக் கேட்டால் மூலிகை வைத்தியத்தில் மிகவும் தீங்கான வாக்கியம் அதுதான்.

ஒரே பெயரில் இரண்டு தண்டு

பத்து மூலிகைப் பட்டியலில் க்ளெமாடிஸ் தண்டு இருந்தது அல்லவா. சீனாவில் அது முதோங் என்ற பெயரில் போகும். அதே முதோங் என்ற பெயரில் இன்னொரு கொடியின் தண்டும் போகும். அது அரிஸ்டலோக்கியா குடும்பத்தைச் சேர்ந்தது. காயவைத்து வில்லை வில்லையாக நறுக்கிவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். ஆனால் அரிஸ்டலோக்கியாவில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கருக்கும். அதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும்.

இந்தக் குடும்பத்தின் கெடுதல் முதலில் பெரிதாக வெளிவந்தது பெல்ஜியத்தில். பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிவதற்கான மாத்திரை சாப்பிட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் பழுதாகி வந்தார்கள். 1993இல் விஷயம் லான்செட்டில் வெளியானது. அங்கும் ஸ்டெஃபானியா வேர் சேர வேண்டிய இடத்தில் அரிஸ்டலோக்கியா வேர் சேர்ந்திருந்தது. கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேரைத் தாண்டினார்கள்.

1999இல் பிரிட்டனில் இரண்டு பேர். இரண்டு பேருமே எக்சிமாவுக்காகச் சீன மூலிகை குடித்தவர்கள், இரண்டு பேருக்குமே சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தது. அவர்கள் குடித்ததில் அரிஸ்டலோக்கிக் அமிலம் இருப்பது உறுதியானது. அந்த வருஷமே பிரிட்டன் அரிஸ்டலோக்கியாவைத் தடை செய்தது. தோல் அரிப்புக்கு வைத்தியம் தேடிப் போனவர்கள் டயாலிசிஸில் முடிந்தார்கள் என்பதைப் படிக்கும்போது இன்றும் மனசு கனக்கிறது. அவர்கள் செய்ததில் அசட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அதே வகை வைத்தியம் பலன் தருகிறது என்று பெரிய மருத்துவமனையின் ஆய்வே சொல்லியிருந்தது.

இது சீனக் கொடியின் பிரச்சினை என்று நாம் ஒதுங்க முடியாது. நம் ஆடுதீண்டாப்பாளை அரிஸ்டலோக்கியாதான். ஈஸ்வரமூலி என்றும் பெருமருந்து என்றும் சொல்லும் கொடியும் அரிஸ்டலோக்கியாதான். இரண்டிலும் அந்த அமிலம் உண்டு. ஆடுதீண்டாப்பாளையைக் கரப்பானுக்கும் சிரங்குக்கும் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும் உறுப்பு, கால் வீங்கி மூச்சு வாங்கும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். பல வருஷம் முன்னால் குடித்த கஷாயத்தை அப்போது யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். எதனால் என்று தெரியாத சிறுநீரகப் பழுது என்று சீட்டில் எழுதப்படும். இந்தச் செடிகளை உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. பாரம்பரியத்தில் இருக்கிறதே என்ற வாதம் இங்கே செல்லாது. பத்து, இருபது வருஷம் கழித்து வரும் கெடுதலை எந்தப் பாரம்பரியத்தாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

களிம்பு டப்பா

கஷாயத்தோடு களிம்பும் பிரபலமானது. டப்பாவில் பெரும்பாலும் லேபிளே இருக்காது, இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. பூசினால் இரண்டே நாளில் தோல் பளிச்சென்று ஆகும். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்காரர்களுக்கு இந்த வேகம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. நோயாளிகளிடமிருந்து 11 களிம்புகளை வாங்கிச் சோதித்தார்கள். 8இல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த முடிவு இது. முகத்திலும் குழந்தைகள் மேலும் பூசக்கூடாத அளவில் அது இருந்தது. பூசிக்கொண்டிருந்ததோ முகத்திலும் குழந்தைகள் மேலும்தான்.

2003இல் பர்மிங்காமில் எக்சிமாக் குழந்தைகளின் வீடுகளிலிருந்து வந்த 24 மூலிகைக் களிம்புகளைச் சோதித்தபோது 20இல் ஸ்டீராய்டு, பெரும்பாலும் வீரியமானது. சிலவற்றில் க்ளோபெட்டசோல், களிம்பு ஸ்டீராய்டுகளிலேயே அதிக வலுவானது. ஸ்டீராய்டுக்குப் பயந்து அந்தக் கடைக்குப் போன அம்மா, டாக்டர் எழுதிக் கொடுத்ததைவிடப் பல மடங்கு வலுவான ஸ்டீராய்டைத் தன் கையாலேயே குழந்தையின் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தார். விற்றவர் செய்தது மோசடி, அதை வேறு எந்தப் பெயரிலும் சொல்ல முடியாது.

நம் ஊர்ச் சந்தையிலும் பெயரில்லாத தோல் பவுடர், சூரணம், களிம்பு என்று கேட்டால் எனக்கு முதலில் வரும் கேள்வி உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதா என்பதுதான். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு இதில் இரட்டை ஆபத்து. மாதக்கணக்கில் ரகசிய ஸ்டீராய்டை உள்ளுக்குச் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், சொரியாசிஸ் உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க்கொப்புளத்தோடு கிளம்பலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை அது. உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசாலும் அதற்குள் குறைந்துபோயிருக்கும் என்பதால் மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி என்றும் போகலாம்.

பொட்டலம் என்ன ஆனது

ஜெமாஃபைட் மருந்தாக நிலைக்கவில்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2000களின் நடுவில் எக்சிமாவுக்கான சீன மூலிகைகளை மொத்தமாகப் பரிசீலித்தபோது தகுதியான சோதனை என்று நான்குதான் கிடைத்தன, நான்கும் ஜெமாஃபைட் பற்றியவை. மொத்தம் 159 பேர். பலன் இருக்கலாம், ஆனால் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, பெரிய சோதனை தேவை என்றார்கள். அதற்குள் தயாரிப்பே நின்றுவிட்டிருந்தது. 2013இல் மறுபடி பார்த்தபோது 28 சோதனைகள், 2306 பேர். இந்த முறை சேர்மானங்கள் பலவிதம், சோதனைகளின் தரமும் குறைவு. வாய்வழியாகவோ பூச்சாகவோ பயன்படும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள்.

எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. அந்தப் பத்து மூலிகைகளில் எதில் குணம், எதில் கெடுதல் என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். டிக்டாம்னஸ் இல்லாமல் ஒன்பது மூலிகையில் ஒரு சோதனை, 40 பேருக்குப் பதில் 400 பேர், ஒரு வருஷம் முழுக்க ரத்தப் பரிசோதனை. இப்படிப் போயிருந்தால் எக்சிமாக் குழந்தைகளுக்கு ஒரு மருந்து கூடுதலாகக் கிடைத்திருக்கலாம், அல்லது கிடைக்காது என்றாவது தெளிவாகியிருக்கும். மூலிகைச் சேர்மானத்துக்குக் காப்புரிமை பலவீனம், அதனால் அவ்வளவு பணம் போட ஆள் வருவது கஷ்டம். நம் ஊரில் அரசே நடத்தும் சித்த ஆராய்ச்சி அமைப்புகள் செய்ய வேண்டிய வேலை இந்த வகைதான்.

இப்போது குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு

தோல் அழற்சிக்கு மூலிகைச் சூரணமோ மாத்திரையோ கஷாயமோ எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, இந்த நிகழ்வை வைத்து நான் சொல்வது இவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியின் பெயரையும் எழுதிக் கேளுங்கள். "குடும்ப ரகசியம்" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஆரம்பிக்கும் முன் ஒரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும் கல்லீரல் நொதி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பாருங்கள், ரத்த அழுத்தத்தையும் சேர்த்து. சாதாரண லேபிலேயே பார்க்கலாம். பசி போனாலோ மூத்திரம் கறுத்தாலோ அன்றைக்கே கஷாயத்தை நிறுத்திவிட்டு, பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். பொட்டலத்தை வெட்கப்பட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அவருக்கு வேண்டியது அதுதான். கர்ப்பமாக இருப்பவர்களும், கைக்குழந்தைகளும், ஏற்கெனவே கல்லீரல் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம்.

களிம்போ சூரணமோ இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்டால் மட்டும் நிறுத்துவதில் அவசரம் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், பல வாரம் எடுத்தபிறகு சட்டென்று விட்டால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும். தோல் டாக்டரிடம் டப்பாவைக் காட்டிவிட்டு, அவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள்.